ஒன்பதாம் அட்டை

மோங்குவில் எல்லாம் மணல்.
பந்தைத் தரையில் தட்டினால் எழாது,
தட்டிய இடத்திலேயே தூங்கிவிடும்.
அதனால்தான் எங்களுக்கு நெட்பால் என்றாள் இனோங்கே,
அந்த ஆட்டத்தில் பந்து தரைக்கு வரவே வேண்டாம்.
நான் தலையாட்டினேன்.
விதிகளை விமானத்தில்தான் படித்திருந்தேன்.

கழுத்தில் ஒரு விசில்.
பையில் இருபது அட்டைகள், மழைக்கு நனையாதவை.
அட்டைக்கு ஒரு விளையாட்டு, விளையாட்டுக்கு ஒரு பாடம்:
கொசுவலை, கை கழுவுதல், வேண்டாம் என்று சொல்லப் பழகுதல்.
வீட்டுக்கு எழுதிய முதல் கடிதத்தில்
பயிற்சியாளர் என்று கையெழுத்துக்குக் கீழே போட்டிருந்தேன்.
நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

செவ்வாய், வியாழன், மாலை நாலரை.
இருபத்திரண்டு பெண்கள், மூன்று ஜோடி ஷூ,
அதிகம் ஓடுகிறவளுக்கு முன்னுரிமை.
வளையத்துக்குள் பந்து போடுவதில்
நசிலேலேயை மிஞ்ச ஆளில்லை.
ஆனால் ஆறுக்குக் கால்மணி இருக்கும்போது
கையிலிருக்கும் பந்தை யாரிடமாவது கொடுத்துவிட்டு
சிட்டெங்கே துணியை இடுப்பில் சுற்றிக்கொண்டு கிளம்பிவிடுவாள்.
வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையால் எழுதினேன்:
சீக்கிரம் போகிறாள்.
அடுத்த வாரமும்: சீக்கிரம் போகிறாள்.
ஒழுங்கு வேண்டும் என்று ஒருநாள்
எல்லார் முன்னாலும் சொல்லியும் விட்டேன்.
அவள் கைகளைக் குவித்து மெல்லத் தட்டினாள்.
இந்த ஊரில் அது வணக்கம், அதுவே நன்றி,
இத்தோடு பேச்சை விட்டுவிடலாம் என்பதும்
சில நேரம் அதுதான்.

ஒன்பதாம் அட்டை சொல்கிறது:
வட்டமாக உட்காரவும். கைகள் முதுகுக்குப் பின்னால்.
ஒரு சிறு கல் கைமாறிக்கொண்டே போகட்டும்.
நடுவில் நிற்பவர் முகங்களைப் பார்த்து
கல் யாரிடம் என்று சொல்ல வேண்டும்.
தவறாகச் சொல்வார்.
பாடம்: எச்.ஐ.வி. முகத்தில் தெரியாது.

நல்ல விளையாட்டுதான்.
கல் இல்லாதவள் இருப்பதுபோல் முழிப்பாள்,
இருப்பவள் கொட்டாவி விடுவாள்.
அன்றும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.
நடுவில் நின்ற முபியானா மூன்று பேரைச் சொன்னாள்,
மூன்றும் தப்பு.
நாலாவது யாரென்று அவள் சுற்றி வரும்போது
நசிலேலே கையை முன்னால் கொண்டுவந்து விரித்தாள்.

தேடாதே, என்னிடம்தான்.
பிறந்தபோதே வந்துவிட்டது.

உள்ளங்கையில் கல் இல்லை.

சிரிப்பு எந்த இடத்தில் நின்றதென்று தெரியவில்லை.
கீழே சமவெளியில் வெள்ளம் ஏறிக்கொண்டிருந்தது,
யாரோ மாடுகளை மேட்டுக்கு ஓட்டும் சத்தம்.
நான் அட்டையைத் திருப்பிப் பார்த்தேன்.
பின்பக்கம் அச்சகத்தின் பெயர்,
பணம் கொடுத்தவர்களின் சின்னம்.
விசிலை வாயில் வைத்தேன்.
எதற்கென்று ஊதுவது?

இனோங்கே எழுந்து மணலைத் தட்டினாள்.
சனிக்கிழமை லிமுலுங்காவோடு மேட்ச்.
வளையத்துக்கு நீதானே?
நான்தான்.
அப்புறம் என்ன, எழுந்திரு.

எல்லாரும் எழுந்தார்கள்.
நிஜக் கல்லை வைத்திருந்தவள் யாரோ
எழும்போதே நழுவவிட்டாள்.
மணல் அதைச் சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டது.

ஆறுக்குக் கால்மணிக்கு அவள் வழக்கம்போல் போனாள்.
வியாழக்கிழமை போகவில்லை.
சிட்டெங்கே முடிச்சில் மாத்திரை இருந்தது.
ஆறு மணிக்கு ஆட்டம் தானாக நின்றது, நான் ஊதவில்லை.
முபியானா பம்பிலிருந்து ஓடிவந்தாள்,
குவளையில் பாதித் தண்ணீர் வழியிலேயே சிந்தியிருந்தது.
மீதி போதுமானதாக இருந்தது.

சிவப்பு மையை அழிக்க முடியவில்லை.
தேய்த்ததில் தாள் கிழிந்து
அதற்குப் பின்னால் இருந்த மார்ச் மாதம் தெரிகிறது.

மாத அறிக்கை:
பங்கேற்றோர் இருபத்திரண்டு.
ஒன்பதாம் அட்டை நடத்தப்பட்டது.
லிமுலுங்காவிடம் தோல்வி, பதினொன்றுக்குப் பதினாலு.
பதினொன்றில் ஒன்பது நசிலேலே போட்டது.
வேறு தகவல் என்ற கட்டத்தில்
ஷூ இன்னும் நாலு ஜோடி வேண்டும் என்று எழுதினேன்.